'இனிஷியல்': ஒரே சொல்லின் மூன்று பொருள்களும், வெளிநாட்டுப் படிப்புக்குப் புறப்படுவோர் செய்ய வேண்டியவையும்

என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. பான் அட்டையில் என் தலைப்பெழுத்து ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் இவை என் கண்ணில் பட்டன. சரிசெய்வதற்கு ஐந்து மாதங்கள் அலைந்தேன். எல்லாம் முடிந்தது என்று அங்கே போய் இறங்கினால், வாடகை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இனிஷியல்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஊரில் கேட்பதைப் போலத் தந்தையின் எழுத்தைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, 18 பக்கங்களிலும் 'ஜி' என்று எழுதிக் கொடுத்தேன். இது உங்கள் சுருக்கொப்பம் (பெயரின் முதல் எழுத்துகளால் இடும் சுருக்கக் கையெழுத்து) அன்று என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நான் மறுபடி எழுதி அனுப்புவதற்குள் அந்த அறை வேறொருவருக்குப் போய்விட்டது.

இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, நான் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் கோவிந்தன் என்பவரின் மகன் அன்பரசன் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். கட்டணங்கள் நான் அறிந்த அளவில் இப்போது நடைமுறையில் இருப்பவை. பணம் கட்டும் நாளில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பொருளில் கேட்கிறார்கள் என்று முதலில் கண்டுகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் 'இனிஷியல்' என்றால் ஒரே பொருள்தான்: பெயருக்கு முன்னால் வரும், தந்தை அல்லது தாய் பெயரின் முதல் எழுத்து. ஆங்கிலத்தில் அந்தச் சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. நம் ஆட்சித்தமிழில் அம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பெயரின் எழுத்தைத் தலைப்பெழுத்து என்கிறோம். கோப்பின் ஓரத்தில் அலுவலர் சுருக்கமாக இடும் கையெழுத்தைச் சுருக்கொப்பம் என்கிறோம். முதலில் வருவதைத் தொடக்க என்ற அடைமொழியால் குறிக்கிறோம். ஆங்கிலப் படிவத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் மனத்துக்குள் இந்த மூன்று தமிழ்ச் சொற்களையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும்.

பொருந்துகிறதா என்று ஐயம் வந்தால் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெயர்ச்சொல் நின்றால், அதாவது 'இனிஷியல் டெபாசிட்', 'இனிஷியல் டேர்ம்' என்று வந்தால், அது தொடக்கத்தைக் குறிக்கிறது. 'இனிஷியல் ஹியர்', 'இனிஷியல் ஈச் பேஜ்' என்று ஏவலாக வந்தாலோ, பக்கத்தின் அடியிலோ ஒரு பத்தியின் ஓரத்திலோ தனிக்கட்டமாக நின்றாலோ அது சுருக்கொப்பம். 'இனிஷியல்ஸ்' என்று பன்மையில் வந்தாலும், 'மிடில் இனிஷியல்' என்று வந்தாலும் எழுத்துகளைக் கேட்கிறார்கள்.

எழுத்துகளைக் கேட்கும்போதும் நமக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கில வழக்கில் 'இனிஷியல்ஸ்' என்பது சொந்தப் பெயரையும் சேர்த்து எல்லாப் பெயர்களின் முதல் எழுத்துகளும் ஆகும். அன்பரசன் கோவிந்தன் என்று கடவுச்சீட்டில் இருப்பவருக்கு அங்கே 'ஏ.ஜி.' என்பதே விடை. தந்தையின் 'ஜி' மட்டும் போதாது. நான் 18 பக்கங்களில் செய்த பிழை இதுதான்.

2. தலைப்பெழுத்தை எப்படி விரிப்பது என்று முடிவு செய்யுங்கள்

இந்த முடிவை எடுப்பதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். ஒரு தாளை எடுத்து, பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து, புள்ளியும் இடைவெளியும் உட்பட, எழுதுங்கள். அதற்குக் கீழே தந்தையின் ஆதாரிலும் பான் அட்டையிலும் அவருடைய பெயர் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். உங்கள் தலைப்பெழுத்து விரியும்போது அவருடைய பெயராகத்தான் விரியப் போகிறது. அவர் ஆவணத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்தால் கல்விக் கடனுக்குப் போகும்போது அது கேள்வியாக வந்து நிற்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறும் இடத்தில்தான் பிழைகள் மிகுதியாகப் பிறக்கின்றன. கோ. அன்பரசன் என்பதன் 'கோ' ஆங்கிலத்தில் 'ஜி' ஆக வேண்டும். தமிழ் ஆவணத்தை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்பவர் அதைக் 'கே' என்று போட்டுவிடுவார், ஏனென்றால் கந்தசாமிக்கும் கணேசனுக்கும் நாம் எழுதுவது ஒரே 'க' தான். சின்னசாமியின் 'சி'யும் சுந்தரத்தின் 'சு'வும் தமிழில் ஒரே சகர வரிசை. ஆங்கிலத்தில் ஒன்று 'சி', மற்றது 'எஸ்'. பழனியின் 'ப'வுக்கும் பாலுவின் 'பா'வுக்கும், தங்கவேலுவின் 'த'வுக்கும் தண்டபாணியின் 'த'வுக்கும் இதே சிக்கல் உண்டு. 'இரா.' என்று எழுதும் ராமசாமியின் பிள்ளைக்கு 'ஆர்' என்று வர வேண்டியது 'ஐ' என்று வந்ததை நான் இ-சேவை மையத்தில் கண்ணால் பார்த்தேன். ஆகவே எந்த மையத்துக்குப் போனாலும் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்துகளில் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, தட்டச்சு செய்பவரின் முன்னால் வையுங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

அடுத்தது, பெயரின் இரு பகுதிகளையும் எங்கே வைப்பது என்பது. கடவுச்சீட்டில் 'சர்நேம்' (குடும்பப் பெயர்) என்றும் 'கிவன் நேம்' (இடப்பட்ட பெயர்) என்றும் இரண்டே இடங்கள் உள்ளன. நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்தப் பெயரைக் 'கிவன் நேம்' ஆகவும் தந்தை பெயரைச் 'சர்நேம்' ஆகவும் வைக்கலாம். அதைத் தலைகீழாகவும் வைக்கலாம். இரண்டையும் 'கிவன் நேம்' என்பதில் எழுதிவிட்டுச் 'சர்நேம்' என்பதைக் காலியாக விடலாம். நான் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன். அமெரிக்க வகுப்பறையிலும் அலுவலகத்திலும் 'கிவன் நேம்' கொண்டே அழைப்பார்கள்; தலைகீழாக வைத்தால் நாள் முழுவதும் தந்தையின் பெயரால் அழைக்கப்படுவீர்கள். முதல் வழியிலும் கடிதங்களில் திரு. கோவிந்தன் என்று வரத்தான் செய்யும்; அதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போது பான் விண்ணப்பமாக இருந்த 49ஏ படிவத்தின் குறிப்புகளில் மதுரை சோமசுந்தரம் கந்தசாமி என்ற எடுத்துக்காட்டைப் பார்த்தபோது எனக்குக் குழப்பம் வந்தது. அதில் எம்.எஸ்.கந்தசாமியின் ஊர்ப் பெயர் முதல் பெயராகவும், தந்தை பெயர் இடைப்பெயராகவும், சொந்தப் பெயரான கந்தசாமி கடைசிப் பெயராகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. அது தலைப்பெழுத்துகளை எப்படி விரிப்பது என்று காட்டும் எடுத்துக்காட்டு மட்டுமே. முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் சுருக்கெழுத்து கூடாது என்பதே விதி. எந்தப் பெயரை எங்கே வைப்பது என்பது உங்கள் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும்.

ஊர்ப் பெயரும் தந்தை பெயருமாக இரண்டு தலைப்பெழுத்து உள்ளவர்கள், பள்ளிச் சான்றிதழில் இரண்டும் இருந்தால் மட்டும் இரண்டையும் விரித்துக்கொள்ளுங்கள். வெறும் 'ஜி' என்ற ஒற்றை எழுத்தைச் 'சர்நேம்' ஆக வைக்கும் பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் பின்பற்றாதீர்கள். விமானச் சீட்டு பதியும் தளங்கள் பல ஓர் எழுத்துக் குடும்பப் பெயரை ஏற்பதில்லை.

3. ஆவணங்களைச் சரியான வரிசையில் திருத்துங்கள்

வரிசையைத் தவறவிட்டதுதான் எனக்கு நேர்ந்த கால விரயத்தில் பாதி. நான் பான் அட்டையிலிருந்து தொடங்கினேன். அதற்கு ஆதார் ஒத்துப்போகவில்லை. ஆதாரைத் திருத்தப் போனால் முழுப் பெயர் உள்ள அடையாளச் சான்று ஒன்று கேட்டார்கள். என்னிடம் இருந்த எல்லாவற்றிலும் ஒற்றை எழுத்துதான் இருந்தது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், வங்கி, கடவுச்சீட்டு என்ற வரிசையே நடைமுறைக்கு ஏற்றது. வகுப்பு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 12 மாதங்களுக்கு முன்னால் தொடங்குங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்து சரியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள்; விரிக்கப்படாத தலைப்பெழுத்து அங்கே குறையாகாது. மாற்றுச் சான்றிதழில் தந்தையின் முழுப் பெயர் இருப்பதால், அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதற்கு அதுவே சான்றாக நிற்கும். எழுத்தே தவறாக இருந்தால், படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் காட்டும் நாளில் பெற்றோர் ஒருவர் நேரில் சென்று ஆங்கிலத் தலைப்பெழுத்தைப் பார்த்துவிடுங்கள். அன்று ஒரு நிமிடத்தில் முடிவது பிறகு ஓராண்டுக்கு இழுக்கும்.

ஆதாரில் பெயரைத் திருத்த 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். அதற்கு முன் 50 ரூபாயாக இருந்தது. அஞ்சலகங்களிலும் வங்கிக் கிளைகளிலும் இ-சேவை மையங்களிலும் உள்ள ஆதார் மையங்களில் இதைச் செய்யலாம். வாழ்நாளில் இரண்டே முறைதான் பெயரைத் திருத்த முடியும் என்பதை மறக்காதீர்கள். ஒரு வாய்ப்பைப் புள்ளி வைப்பதற்கும் இன்னொன்றை எழுத்துப் பிழைக்கும் செலவழித்துவிட்டவர்களை நான் அறிவேன். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடுவதற்கு முன், திரையில் தெரியும் பெயரை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுப் பெயர் உள்ள சான்று எதுவும் இல்லாதவர்கள், ஆதார் ஆணையம் வெளியிட்டிருக்கும் சான்றிதழ் மாதிரியை அச்சிட்டு, புகைப்படம் ஒட்டி, அதற்கு உரிய அரசு அலுவலரிடம் கையொப்பமும் முத்திரையும் பெறலாம். அது கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்கே செல்லும் என்பதால், மையத்தில் முன்பதிவு நாள் கிடைத்த பிறகு வாங்குவது நல்லது. திருத்தம் பதிவாக 30 நாள் வரை ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் திருந்திய பிறகு பான். அட்டையோடு திருத்தம் பெற 107 ரூபாய்; எனக்கு இரண்டு வாரங்களுக்குள் வந்து சேர்ந்தது. அட்டையின் மேல் அச்சாகும் பெயரைச் சுருக்கி எழுதிக்கொள்ளப் படிவத்தில் இடம் உண்டு. அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அட்டையில் மறுபடியும் ஒற்றை எழுத்து வந்து நிற்கும். ஆதாரையும் பான் எண்ணையும் இதுவரை இணைக்காதவர்கள், பெயர் ஒத்துப்போன பிறகு இணையுங்கள்; கெடு கடந்ததற்கான 1,000 ரூபாய் அதற்குத் தனியாக ஆகும்.

பழைய ஆவணங்களில் ஒற்றை எழுத்தும் புதியவற்றில் விரிந்த பெயரும் இருக்கும் காலத்தில், இரண்டும் ஒரே நபரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரி வழக்கறிஞரிடம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கான முத்திரைத் தீர்வை 2024இல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பழைய நினைவில் 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கொண்டுபோனால் திருப்பிவிட இடமுண்டு. நோட்டரியின் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பெழுத்தை விரிப்பதற்கு அரசிதழில் வெளியிட்டே ஆக வேண்டும் என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். என்னிடமும் அப்படிச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பெயரையே மாற்றுகிறவர்களுக்கு அரசிதழ் தேவை. அதற்கும் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இருக்கும் எழுத்தை விரித்து எழுதிய எனக்கு எந்த அலுவலகத்திலும் அதைக் கேட்கவில்லை.

4. கடவுச்சீட்டில் குடும்பப் பெயரை நிரப்புங்கள்

ஏற்கெனவே உள்ள கடவுச்சீட்டில் பெயர்ப் பகுதிகளை மாற்ற வேண்டுமானால், மறுவெளியீட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தனியாகத் திருத்தித் தர மாட்டார்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். அரசின் பாஸ்போர்ட் சேவா தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. கட்டணம் இதைவிடக் கூடுதலாகக் காட்டினால் நீங்கள் வேறெங்கோ இருக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் நிலைக்கு எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை அந்தத் தளத்தில் உள்ள ஆவண ஆலோசனைப் பகுதியே பட்டியலிட்டுக் காட்டும். அதை அச்சிட்டு, அதே வரிசையில் மூலங்களையும் நகல்களையும் அடுக்கிச் செல்லுங்கள்.

சேவை மையத்தின் 'ஏ' கவுண்டரில் உங்கள் விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். குடும்பப் பெயரையும், தந்தை பெயருக்கான கட்டத்தையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடுங்கள். கோவிந்தன் என்பது இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்க வேண்டும். தாயின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொண்டவர்கள் தயங்க வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டதிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலே போதும். திருமணமான பெண்கள் கணவரின் எழுத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் தந்தையின் எழுத்தில் இருக்கும்போது கடவுச்சீட்டை மட்டும் மாற்றிக்கொள்வது புதிய சிக்கலைத் தேடிக்கொள்வதாகும்.

சாதாரண முறையில் எனக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் சேர்த்து ஐந்து வாரங்கள் ஆயின. பழைய கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் விசா எதுவும் இருந்தால், புதியது வந்த பிறகும் பழையதைப் பத்திரமாக வைத்து இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.

5. தேர்வு, ஐ-20, விசா, விமானச் சீட்டு ஆகியவற்றில் ஒரே பெயரை எழுதுங்கள்

புதிய கடவுச்சீட்டு கைக்கு வரும் முன் டோஃபல் (ஆங்கிலத் திறன்), ஜி.ஆர்.இ. (மேற்படிப்பு நுழைவு) போன்ற தேர்வுகளுக்குப் பதிவு செய்யாதீர்கள். தேர்வு நாளில் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே பதிவுப் பெயர் இருக்க வேண்டும். தேர்வெழுதிய பிறகு பெயரை மாற்றக் கேட்பது மிகக் கடினம்.

குடும்பப் பெயர் காலியாக உள்ள கடவுச்சீட்டோடு அமெரிக்க விசாவுக்குச் சென்றால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விசா விண்ணப்பமான டி.எஸ்-160 படிவத்தில் இரண்டு பெயரிடங்களில் எதையும் காலியாக விட முடியாது. உங்கள் முழுப் பெயரும் 'சர்நேம்' என்ற இடத்துக்குப் போய், 'கிவன் நேம்' என்ற இடத்தில் முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமான 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்துகள் வந்து நிற்கும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவத்திலோ அந்த மூன்று எழுத்துகளைச் சேர்க்க மாட்டார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் முதன்மைப் பெயராக இருக்கும். விசாவில் ஒன்றும் ஐ-20இல் மற்றொன்றுமாக இருப்பதைப் பார்த்து மாணவர்கள் பதறுவார்கள். எல்லைக் காவல் அலுவலர்களுக்கு இது பழகிய ஒன்று, அதனால் நுழைவைத் தடுக்காது. ஆனால் பிறகு எடுக்கும் அடையாள அட்டைகளில் அந்த மூன்று எழுத்துகளே உங்கள் பெயராக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இதைத் தவிர்க்கத்தான் நான்காம் படியில் 1,500 ரூபாய் செலவழிக்கச் சொன்னேன். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் திரும்பக் கிடைக்காதது. பெயர் சரியான பிறகே கட்டுங்கள்.

துபாய், அபுதாபி வழியாகப் போய் அங்கே சில நாள் சுற்றுலா விசாவில் தங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. விளக்கத்தை நம்பி விமான நிலையத்தில் வாதாடுவதைவிடக் கடவுச்சீட்டை நிரப்பிக்கொண்டு போவதே நிம்மதி.

விமானச் சீட்டில் 'லாஸ்ட் நேம்' என்பது கடவுச்சீட்டின் 'சர்நேம்' தான். பயண முகவர் பழக்கத்தில் 'அன்பரசன் ஜி' என்று போட்டுவிடுவார். சீட்டு வந்த அன்றே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். நாள் கடந்தால் திருத்தக் கட்டணம் கேட்பார்கள்.

6. 'மிடில் இனிஷியல்' என்ற கட்டத்தில் தந்தையின் எழுத்தைப் போடாதீர்கள்

அமெரிக்கப் படிவங்களில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவே 'எம்.ஐ.' என்று ஓர் எழுத்துக்கான சிறு கட்டம் இருக்கும். வேலைக்குச் சேரும் நாளில், சம்பளத்தில் வரி பிடிப்பதற்காகத் தரும் டபிள்யூ-4 படிவத்திலும் முதல் பெயரோடு சேர்த்து இதைக் கேட்கிறார்கள். இது இடைப்பெயரின் முதல் எழுத்து. உங்கள் தந்தை பெயர் ஏற்கெனவே 'சர்நேம்' ஆகிவிட்டதால், அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 'கிவன் நேம்' என்ற இடத்தில் இரண்டு சொற்கள் உள்ளவர்கள் மட்டும் இரண்டாம் சொல்லின் எழுத்தைப் போடுவதா என்று யோசிக்க வேண்டும். ஒரு படிவத்தில் போட்டால் எல்லாவற்றிலும் போடுங்கள்.

இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இங்கே வேறு விதமான குழப்பம் வரலாம். அங்குள்ள படிவங்களில் முதலெழுத்துகளுடன் பெயர் என்றும், முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர்கள் என்றும் தனித்தனியாகக் கேட்டுப் பழகியிருப்பார்கள். அமெரிக்கப் படிவத்தில் அந்தப் பிரிவு இல்லை; கடவுச்சீட்டில் உள்ள முழுப் பெயரைத் தவிர வேறொன்றையும் எழுத வேண்டாம்.

7. சுருக்கொப்பம் கேட்கும் இடத்தில் சுருக்கொப்பம் இடுங்கள்

வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், மருத்துவமனை ஒப்புதல் படிவம் ஆகியவற்றில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன் என்பதற்கும், குறிப்பிட்ட ஒரு நிபந்தனையை ஏற்றேன் என்பதற்கும் அடையாளமாக இதைக் கேட்கிறார்கள். உங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளை, 'ஏ.ஜி.' என்று, உங்கள் கையாலேயே ஒரே மாதிரி எழுத வேண்டும். கணினியில் கையொப்பமிடும்போது முதலில் பெயரைத் தட்டச்சு செய்தால் மென்பொருளே கையொப்பத்தையும் சுருக்கொப்பத்தையும் தனித்தனியாக உருவாக்கிக் காட்டும். அங்கே உங்கள் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி கொடுத்துவிட்டால் எழுத்துகள் சரியாக வரும்.

பத்தியின் ஓரத்தில் தனியாக இருக்கும் கட்டத்தை அவசரத்தில் கடந்து போகாதீர்கள். பக்கத்தின் அடியில் உள்ளதைப் போல அது வெறும் சடங்கு அன்று. வளர்ப்புப் பிராணிக்கான கூடுதல் கட்டணம், முன்வைப்புத் தொகையில் திரும்பக் கிடைக்காத பகுதி, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்ட வேண்டிய அபராதம் போன்றவற்றுக்குத்தான் தனிக்கட்டம் வைப்பார்கள். உங்களுக்குப் பொருந்தாத நிபந்தனைக்குச் சுருக்கொப்பமிட்டுவிட்டால் பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. புரியாத கட்டத்தைக் காலியாக விட்டு, மின்னஞ்சலில் விளக்கம் கேட்டு, பதில் வந்த பிறகு நிரப்புங்கள்.

அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பம் இடுவது வழக்கம். இந்தப் பழக்கத்தை இந்தியக் காசோலைக்கு எடுத்து வராதீர்கள். காசோலைகளை உருவப்படமாக அனுப்பித் தீர்க்கும் முறையில், செல்லுபடி நாளைத் தவிர வேறெதிலும் திருத்தத்தை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. பக்கத்தில் ஒப்பமிட்டாலும் காசோலை திரும்பிவிடும். புதிதாக ஒன்று எழுதுங்கள்.

8. தொடக்கத்தைக் குறிக்கும் இடங்களில் தொகையையும் நாளையும் பாருங்கள்

மாணவர்கள் முதலில் காண்பது ஐ-20 படிவத்தில் உள்ள 'இனிஷியல் அட்டெண்டன்ஸ்' என்ற சொற்றொடர். உங்கள் தலைப்பெழுத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. புதிதாகச் சேரும் மாணவர் என்று பொருள். அதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. விசா நேர்காணலுக்கு முன் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசு முறை) கட்டணம் கட்டி ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். படிவத்தில் குறித்த தொடக்க நாளுக்கு 30 நாளுக்கும் கூடுதலாக முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. விசா ஓராண்டுக்கு முன்பேகூடக் கிடைக்கலாம். அதைப் பார்த்துவிட்டு மலிவான சீட்டுக்காக 40 நாளுக்கு முன் பயணம் பதிந்த ஒருவர் சீட்டை மாற்றப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த 30 நாள் விதி இல்லை என்பதால், மூத்த மாணவர்களின் பேச்சை இதில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பல்கலைக்கழகம் கேட்கும் 'இனிஷியல் டெபாசிட்' இடத்தை உறுதிசெய்யும் முன்பணம். பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது, கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். வங்கியில் அதே சொற்றொடர் கணக்குத் தொடங்கும்போது போடும் முதல் தொகையைக் குறிக்கும். மாதந்தோறும் கணக்கில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு வேறு. 25 டாலர் போட்டுத் திறந்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்று இருந்தவர்களின் கணக்கில் மாதக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். மாணவர் கணக்கு என்று குறிப்பிட்டுக் கேட்டால் அந்தக் கட்டணம் இல்லாத கணக்கு பல வங்கிகளில் கிடைக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் 'இனிஷியல் பேமெண்ட்' என்பது முதல் மாத வாடகையும் முன்வைப்புத் தொகையும் சேர்ந்தது. சில இடங்களில் கடைசி மாத வாடகையையும் சேர்ப்பார்கள். கையில் கொண்டுபோகும் பணத்தைக் கணக்கிடும்போது ஒரு மாத வாடகையை மட்டும் வைத்துக் கணக்கிடாதீர்கள். 'இனிஷியல் டேர்ம்' என்பது முதல் ஒப்பந்தக் காலம், பெரும்பாலும் 12 மாதங்கள். அது முடிந்தவுடன் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடாது. முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் தானாக நீளும், அப்போது வாடகை கூடலாம். என் ஒப்பந்தத்தில் 60 நாள் முன்னறிவிப்பு கேட்டிருந்தார்கள். கையொப்பமிட்ட அன்றே, முடியும் நாளிலிருந்து 60 நாளைப் பின்னோக்கி எண்ணி, அந்த நாளைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வைத்தேன்.